விலையில்லா மடிக்கணினியும் நிபந்தனைப் பட்டாவும்

"இதுல புது விண்டோஸ் ஏறாது பாப்பா. பழசுக்கு இனிமே கம்பெனிக்காரன் ஒண்ணும் அனுப்பமாட்டான். எடைக்குப் போட்டுட்டு ஒரு முப்பதாயிரத்துல புதுசு பாத்துக்க."

டவுன் கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டு, எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தின் பாயில் அந்த மடிக்கணினியை இறக்கி வைத்தாள் அந்தத் தங்கை. அவளுடைய அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்தது. அவன் டிப்ளமோ முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போனதும் இவள் கைக்கு வந்தது. எங்கள் காலனிக்குள் நுழைந்த முதல் கணினிகள் எல்லாமே இப்படி வந்தவைதான். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டம் இல்லையென்றால் எங்களில் பாதிப்பேருக்குக் கணினி என்பது பள்ளிக்கூடத்தில் பூட்டிவைத்த ஓர் அறை. அவ்வளவுதான்.

முப்பதாயிரமாம். தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த ஒருநாள் கூலி 336 ரூபாய். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்து, கூலியும் பாக்கியில்லாமல் வந்து (கிடைக்காது, வராது, அது வேறு கதை), ஒருவாய்ச் சோறு தின்னாமல் சேர்த்தால் 33,600. கடைக்காரர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

அவர்மேல் நமக்குக் கோபமில்லை. அவருக்கு யார் சொன்னார்களோ அதை அவர் நமக்குச் சொன்னார். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கணக்குத் திறந்து உள்ளே வருகிறவர்களுக்கும் காசு கட்டுகிறவர்களுக்கும் ஓராண்டு தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு விண்டோஸ் 11தான். ஆனால் அது ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலி வேண்டும். பாதுகாப்புக்காக என்கிறார்கள். இருக்கட்டும். நம் பிள்ளைகள் வைத்திருக்கும் பழைய இயந்திரங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இயந்திரத்துக்குத் தெம்பு இருக்கிறது, திரை எரிகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது. வாசலில் நிற்பவன் உள்ளே விடவில்லை, அதனால் குப்பை. இந்தத் தர்க்கத்தை இதற்கு முன்பும் எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா?

அன்று சாயங்காலமே அந்தக் கணினியில் லினக்ஸ் மின்ட் ஏற்றினோம். இரண்டு மணிநேரம் ஆனது. அதில் ஒரு மணிநேரம் பென்டிரைவ் தேடியது. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படி எழுதினால் ஒரு கேள்வி வரும் என்று தெரியும். வேங்கைவயல் குடிநீர்த் தொட்டிக்கு இன்னும் நீதி கிடைக்கவில்லை, வாரம் ஒரு ஆணவக்கொலைச் செய்தி படிக்கிறோம், இந்த நேரத்தில் உங்களுக்கு மென்பொருள் கேட்கிறதா தோழர்? கேட்கிறது. ஏனென்றால் அந்த வழக்குக்கான மனுவை எதில் தட்டச்சு செய்கிறோம், எதில் சேமிக்கிறோம், எதன் வழியாக அனுப்புகிறோம் என்பதில் நமக்கு ஒரு பிடியும் இல்லை. களப்பணியைச் சொல்லிக் கருவியை விட்டுவிடுவது நம் முன்னோர் பழக்கமல்ல. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அண்ணல் 1920இல் 'மூக்நாயக்' தொடங்கினார். அடுத்தவன் பத்திரிகையில் நம் செய்திக்கு இடம் கேட்டு மனுப்போட்டுக்கொண்டே இருந்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை?

அடுத்த கேள்வி இன்னும் சுவாரசியமானது. "எல்லாம் ஓசியிலதானே கிடைக்குது? ரிச்சி தெருவுல முந்நூறு ரூபா குடுத்தா விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் போட்டுத் தர்றான். இதுல என்ன கட்டு, என்ன கட்டற்றது?"

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். அதை விளக்கி விளக்கியே அவர்களுக்குத் தொண்டை வற்றிவிட்டது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. களத்துமேட்டில் ஒரு ஓரமாகக் குடிசை போட்டுக்கொள் என்று பண்ணையார் விட்டுவைத்தாரே, அதற்கும் வாடகை இல்லைதான். எங்கள் தாத்தாக்கள் அங்கேதான் இருந்தார்கள். கூலி அரைமரக்கால் கூடக் கேட்ட அன்றைக்குக் கூரை பிரிபட்டது. திருட்டு விண்டோஸ் அந்தக் களத்துமேட்டுக் குடிசை. நீ அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும். இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறான். இது நம் கற்பனை அல்ல. 1998இல் பில் கேட்ஸ் சீனாவைப் பற்றிப் பேசும்போது, திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதைத் திருடட்டும், பழகிப்போன பிறகு வசூலிக்கும் வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். பழக்கிவிட்டார்கள். வேலை விளம்பரத்தில் 'எம்எஸ் ஆபீஸ் தெரிந்திருக்க வேண்டும்' என்று போடுகிறான். தட்டச்சும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று போடுவதில்லை.

அந்த முந்நூறு ரூபாய்க்கு இன்னொரு விலையும் உண்டு. கிராக் போடுகிறவர் முதலில் என்ன செய்கிறார், கவனித்திருக்கிறீர்களா? ஆன்டிவைரஸை அணைக்கிறார். அணைக்காவிட்டால் அந்தக் கிராக் வேலை செய்யாது. கதவைத் திறந்துவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் குடியேறுகிறோம். பீமா கோரேகான் வழக்கை நினைத்துப் பாருங்கள். கைதான ரோனா வில்சனின் கணினிக்குள் நெட்வயர் என்ற உளவு நிரலை மின்னஞ்சல் வழியாக நுழைத்து, அவர் திறந்தே பார்க்காத கடிதங்களை உள்ளே வைத்தார்கள் என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங், பாதர் ஸ்டான் சுவாமி ஆகியோரின் கணினிகளைப் பற்றியும் பிறகு அதே போன்ற அறிக்கைகள் வந்தன. 84 வயது ஸ்டான் சுவாமி ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று இறந்துபோனார்.

லினக்ஸ் போட்டுவிட்டால் உளவு நுழையாது என்று நாங்கள் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். தெரியாத மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்தால் எதுவும் நுழையும். ஆனால் திருட்டு நிரலும் அணைத்துவைத்த ஆன்டிவைரஸும் நின்றுபோன புதுப்பிப்புமாக, வன்கொடுமை வழக்கின் சாட்சிப் பட்டியலை ஒரு கணினியில் வைத்திருப்பது பொறுப்பற்ற செயல். நாங்கள் அதைச் சில ஆண்டுகள் செய்திருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம்.

எழுத்துரு விஷயத்துக்கு வருவோம். இதில் எங்களுக்குப் பட்ட அடி இருக்கிறது. ஒரு வன்கொடுமைப் புகார், பதினோரு பக்கம். டவுனில் ஒரு டிடிபி கடையில் அடித்தோம். அச்சில் தமிழ் அழகாக வந்தது. கோப்பைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டோம். பத்து நாள் கழித்து மேல்முறையீட்டுக்குத் தேதிகளைத் திருத்த வேண்டியிருந்தது. கடை பூட்டியிருந்தது, குலதெய்வத்துக்குக் கெடா வெட்டப் போயிருந்தார்கள். எங்கள் கணினியில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கேள்விக்குறியுமாகப் பதினோரு பக்கம். பாமினியில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். இரவு இரண்டு மணிவரை மூன்று பேர் உட்கார்ந்து, அச்சுப்படியைப் பார்த்து முதல் எழுத்திலிருந்து மறுபடி அடித்தோம். அடிபட்ட மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் புகாரைத் தானே திறக்க முடியாத நிலை அவருக்கு. அவருக்கென்ன, எங்களுக்கும்தான்.

யூனிகோடுத் தமிழைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்று ஆணை போட்டுவிட்டது. இன்னும் வானவில்லும் பாமினியும் கோலோச்சுகின்றன. பள்ளிப் பாடநூலையே பாருங்கள், வேடிக்கை புரியும். புதிய பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் உபுண்டு இருக்கிறது, ஓபன் ஆபீஸ் ரைட்டர் இருக்கிறது. யாரோ நல்லவர்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனால் பேஜ்மேக்கர்! கடைசிப் பதிப்பு 2001இல் வந்து, அதோடு நின்றுபோன மென்பொருள். அது வெளிவந்தபோது இன்றைய பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிறந்திருக்கவே இல்லை. அதே வேலைக்கு ஸ்க்ரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, இன்றும் வளர்கிறது. நம் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது மட்டும் செத்ததாக இருந்தால் போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?

இப்போது சொல்லவந்ததற்கு வருகிறோம். இளைய தோழர்கள் இதை மட்டுமாவது நிதானமாகப் படிக்க வேண்டும்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணைகளைப் போட்டது. அதுதான் பஞ்சமி நிலம், டிசி நிலம். அந்தப் பட்டாவில் ஒரு நிபந்தனை. முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக்கூடாது, மாற்றக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த நிபந்தனை ஏன் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடனுக்கு, கல்யாணத்துக்கு, மிரட்டலுக்கு, ஒரு கலயம் சாராயத்துக்குக்கூட நிலத்தை எழுதி வாங்கிவிடுவார்கள் என்று தெரிந்து போட்ட வேலி அது.

1989இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிபிஎல் என்ற உரிமம் கிட்டத்தட்ட அதே வேலி. இந்த நிரலை யார் வேண்டுமானாலும் இயக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், நகலெடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. மாற்றியதை ஊருக்குக் கொடுக்கும்போது அதே உரிமைகளோடுதான் கொடுக்க வேண்டும், மூலநிரலை மறைத்துப் பூட்டுப் போட்டுத் தனக்கென்று எழுதிக்கொள்ளக்கூடாது. 1991இல் ஹெல்சின்கியில் ஒரு கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டே இந்த உரிமத்துக்குள் வந்துவிட்டது. அவர்கள் இதற்குக் காப்பிலெஃப்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் எங்கள் மையத்தில் 'நிபந்தனைப் பட்டா' என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டாம் முறை விளக்கவேண்டிய தேவையே வருவதில்லை. காலனியில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

ஒப்பீடு அதோடு முடியவில்லை. நிபந்தனை இருந்ததே, நிலம் நம்மிடம் இருக்கிறதா? பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. அதில் பெரும்பகுதி இன்று யாரிடம் என்று ஊருக்கு ஊர் தெரியும். தாள் தாளாகவே இருந்தது. பதிவேடு கர்ணத்திடம் இருந்தது. மேலே கட்டடமும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள்.

உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனைப் பாருங்கள். அடியில் இருப்பது லினக்ஸ். நிபந்தனைப் பட்டா நிலம்தான். அதன்மேல் கூகுள் தன் கட்டடத்தைக் கட்டி, வாசலில் தன் ஆளை நிறுத்தி, நாம் எங்கே போகிறோம், யாரோடு பேசுகிறோம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறது. உரிமத்தின் ஒரு வரியும் மீறப்படாமலே நிலம் கைமாறிவிட்டது. உரிமம் நல்ல உரிமமா என்பதோடு நின்றுவிட்டால் போதாது, அதில் உழுகிறவர்கள் யார் என்றும் கேட்கவேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

அங்கே கட்டற்ற மென்பொருள் தோழர்களிடமும் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நகரத்தில் நடந்த கூட்டத்துக்கு எங்களில் இரண்டு பேர் போனோம். நல்ல வரவேற்பு, நல்ல காபி, மூன்று மணிநேரமும் ஆங்கிலம். அறிமுகத்தில் நாங்கள் காலனி என்று சொன்னதும் ஒருவர் கனிவாகச் சிரித்து, "இங்கே சாதியெல்லாம் கிடையாது பாஸ், கோடு மட்டும்தான் பேசும்" என்றார். மகிழ்ச்சி. சம்பளமில்லாமல் இரவெல்லாம் கோடு எழுதும் ஓய்வு எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிறது, தனி அறையும் தடையில்லாத இணையமும் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்காதவரை கோடு மட்டும்தான் பேசும். சாதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது எப்போதுமே இருப்பதில்லை.

ஆனால் இதைச் சொல்லி விலகிப்போகிறவர்கள் அல்ல நாங்கள். பெங்களூரில் பன்னர்கட்டா சாலைப் பக்கம் சுதர்சன் லேஅவுட் குடிசைப்பகுதியில், பிறர் கழித்துப்போட்ட பழைய கணினிகளைக் கொண்டு கட்டற்ற மென்பொருள் இளைஞர்கள் அம்பேத்கர் பெயரில் ஒரு சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். அங்கே பிள்ளைகள் கிம்ப்பில் வரைந்த படங்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. தமிழில் 'கணியம்' 2012இலிருந்து லினக்ஸையும் நிரலாக்கத்தையும் எளிய தமிழில் எழுதி, நூல்களாக்கி, யாரும் நகலெடுக்கலாம் என்று விட்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் படிப்பது அதைத்தான்.

உமாசங்கரையும் மறக்கக்கூடாது. தலித் சமூகத்திலிருந்து வந்த ஐஏஎஸ் அதிகாரி. எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். பள்ளிகளுக்கும் அதையே கொண்டுபோக முனைந்தார். 2010இல் அவருடைய சாதிச் சான்றிதழைக் கேள்விக்குள்ளாக்கி இடைநீக்கம் செய்தார்கள். தலித் அமைப்புகள் தெருவில் இறங்கின. உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அவருடைய பிற்காலப் பேச்சுகளோடு நமக்கு உடன்பாடு இருக்கவேண்டிய அவசியமில்லை. அரசு அலுவலகத்தில் லினக்ஸ் ஓடாது என்று இனி யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, மாறுவது எப்படி? ஒரே நாளில் எல்லாவற்றையும் கலைக்காதீர்கள். நாங்கள் அப்படிச் செய்து கெட்டோம். முதல் வாரமே எங்கள் பழைய பிரின்டர் கோபித்துக்கொண்டது, ஒரு கணினியில் வைஃபை பிடிக்கவில்லை, "பழையபடி போட்டுக் கொடுங்கண்ணே" என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள். முதலில் விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், விஎல்சி போட்டுப் பழகுங்கள். கை பழகிய பிறகு அடியில் இருப்பதை மாற்றினால் அதிர்ச்சி இருக்காது. லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் எதுவும் அழியாது. வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். நான்கு ஜிபி ராம் இருந்தால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளம். திட்டத்தின் தொடக்கத்தில் கொடுத்தவை போல இரண்டு ஜிபி என்றால் லுபுண்டு மாதிரி இன்னும் மெலிந்தது பாருங்கள். உங்களுடைய விலையில்லா மடிக்கணினியில் ஏற்கெனவே பாஸ் லினக்ஸ் இருக்கவும் கூடும். திறக்கும்போது இரண்டு பெயர் காட்டும், நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விண்டோஸை அழுத்தியிருப்போம். சிடாக் உருவாக்கியது அது.

எழுதுவது யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில். பத்து நாளில் விரல் பழகிவிடும். வழக்குக் கோப்புகளின் பட்டியலை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் வைத்திருக்கிறோம். புகார் தேதி, எஃப்ஐஆர் எண், குற்றப்பத்திரிகைக்கான அறுபது நாள் எப்போது முடிகிறது, நிவாரணத் தொகையில் எது வந்தது எது வரவில்லை என்று வரிசையாக. பெயர்களை அதில் எழுதுவதில்லை. அந்தக் கோப்பை இரண்டு பென்டிரைவில் நகல் வைக்கிறோம்.

சில வேலைகள் இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். டாலி படிக்கிற பிள்ளைக்கு விண்டோஸ் தேவைப்படுகிறது. சில அரசுத் தளங்களில் டிஜிட்டல் கையெழுத்துப் போட லினக்ஸில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அதனால் மையத்தின் ஆறு கணினிகளில் ஒன்றில் விண்டோஸை விட்டுவைத்திருக்கிறோம், காசு கொடுத்து வாங்கியது. அதைச் சுற்றி வரிசை நிற்பதும் உண்மை. போனில் நாங்கள் இன்னும் களத்துமேட்டில்தான் இருக்கிறோம். சிக்னலுக்கு மாறச் சொன்னால் பாதிப்பேர் மாறினார்கள், மீதிப்பேர் இன்னும் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மடிக்கணினியை எடைக்குப் போடச் சொன்னார்களே, அந்தத் தங்கை நேற்று வந்திருந்தாள். நர்சிங் படிப்புக்கான குறிப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதில்தான் அடித்து வைத்திருக்கிறாள். மையத்தின் பென்டிரைவ் எங்கே என்று கேட்டோம்.

"கீழத்தெருப் பையன் ஒருத்தன் கேட்டான்ணே. நானே அவனுக்கு ஏத்திக் குடுத்தேன். இன்னும் ரெண்டு பேருக்குப் போடணும்னு பென்டிரைவ வாங்கிட்டுப் போனான். இன்னும் தரல."